புத்தகத்தை மூடியபின்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழநாட்டுக் கிராமங்களில் நடைபெற்றுவந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதமாகிய ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுதியிருக்கும் செய்திகளுள் ஒன்று, அதைப் படித்த நாள்தொட்டு என் மனத்தை விட்டு அகலவில்லை. மாலையில் பள்ளி கலைகிற வேளையில் உபாத்தியாயர், பிள்ளைகளின் ஞாபகசக்தியை விருத்தி செய்யக் கருதி, ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ விலங்கின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவாராம். பிள்ளை அதை மறவாமல் வைத்திருந்து மறுநாள் வந்து சொல்லவேண்டும். பாடத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத அந்தச் சிறு பெயரை நெஞ்சில் ஏந்திக்கொண்டு ஒரு சிறுவன் வீதியில் நடந்து, விளையாடி, உண்டு, உறங்கி, விடிந்து எழுந்ததும் அது இன்னும் தன்னிடம் இருக்கிறதா என்று தானே தேடிப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வரும் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த உபாத்தியாயர்கள் மனோதத்துவ நூல் எதையும் கற்றவர்கள் அல்லர். ஆனாலும், கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையே ஓர் இரவை வைத்தார்கள். சொல்லும்போது எதையும் பார்த்துச் சொல்லாமல் நினைந்து சொல்லச் செய்தார்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கருக்கு விஞ்ஞானம் இன்று சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு காரியங்களுக்குள் அடங்கியிருக்கிறது.

மாசி பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளின் அன்றாட வாழ்க்கையே மாறிவிடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி ஊமையாகிறது. உறவினர் வருகை நின்றுபோகிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தாய் எழுந்து காப்பி போட்டுக் கொடுக்க, பிள்ளை விளக்கடியில் அமர்ந்து பாடத்தை உரக்க வாசிக்கிறது. அந்தச் சத்தம் காதில் விழும்வரையில் படிப்பு நடக்கிறது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். என் தமையனாரின் மகள் பத்தாம் வகுப்பில் இருந்த ஆண்டில் ஒருநாள், இருதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பற்றிய பாடத்தை நான்கு தடவை வாசித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் பச்சை மையால் கோடிட்டு, ஓரத்தில் குறிப்பும் எழுதி முடித்துவிட்டு வந்தாள். நான் அந்தப் புத்தகத்தை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டு, உடம்பிலிருந்து வருகிற இரத்தம் இருதயத்துக்குள் நுழைந்து மறுபடி உடம்புக்குத் திரும்புகிற வழியைச் சொல் என்றேன். பெருஞ்சிரையிலிருந்து வலது ஆரிக்கிளுக்கும், அங்கிருந்து வலது வென்ட்ரிக்கிளுக்கும் தடையில்லாமல் வந்தவள், அங்கே நின்றுவிட்டாள். சற்று நேரம் விழித்துப் பார்த்தாள். கண்ணில் நீர் துளிர்த்தது. “எல்லாம் தெரியும் சித்தப்பா, சொல்லத்தான் வரலை” என்றாள்.

பரீட்சை எழுதிவிட்டு வாடிய முகத்தோடு வெளியே வருகிற எத்தனையோ பிள்ளைகள் இதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைச் சாக்கு என்று நினைத்துக் கடிந்தும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பெண் சொன்னது முழு உண்மை. தெரிவது ஒன்று, சொல்ல வருவது மற்றொன்று. வானொலியில் பழைய பாட்டு ஒலிக்கும்போது அதனோடு சேர்ந்து கடைசி வரை பிசகாமல் பாடுகிறவர், வானொலியை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னால் அனுபல்லவியைத் தாண்டுவதற்குள் சொல் கிடைக்காமல் தவிப்பதை நாம் அறிவோம். கண்முன் இருப்பதைக் கண்டவுடன் இது எனக்குப் பழக்கமானது என்று இனங்கண்டுகொள்வது மனத்துக்கு எளிய வேலை. ஒன்றும் கண்முன் இல்லாதபோது உள்ளேயிருந்து எடுத்துக் கொண்டுவருவது கடினமான வேலை. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கேட்பது பின்னதை. நம் பிள்ளைகள் இரவு பகலாகப் பயில்வதோ முன்னதை. இந்தப் பொருத்தமின்மைதான் எத்தனையோ பிள்ளைகளின் உழைப்பை வீணாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களுடைய சோம்பலும் மந்தபுத்தியும் காரணம் என்று சொல்வது அநியாயம்.

ஞாபகத்தை முதன்முதலாக அளவுகோல் கொண்டு அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர். 1850இல் பார்மன் நகரில் பிறந்த அவர், ஆராய்ச்சிக்கு வேறு மனிதரை நாடாமல் தம்மையே பரிசோதனைப் பொருளாக ஆக்கிக்கொண்டார். அர்த்தமுள்ள சொற்கள் ஏற்கெனவே மனத்தில் உள்ள எதனோடாவது ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும் என்று கருதி, இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்துப் பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உண்டாக்கினார். தமிழில் சொல்வதானால் ‘கெப்’, ‘மீழ்’, ‘தூஞ்’ என்பன போன்றவை. அவற்றை வரிசை வரிசையாகச் சேர்த்து, ஒரே தாளகதியில் வாசித்து, பிழையின்றி ஒப்பிக்கும்வரை உருப்போடுவார். எத்தனை முறை வாசிக்கவேண்டியிருந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்வார். பிறகு இருபது நிமிஷமோ, ஒரு நாளோ, ஒரு மாதமோ கழித்து அதே வரிசையை மறுபடி உருப்போட்டு, இந்தத் தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிடுவார். யாரும் கட்டாயப்படுத்தாமல், யாரும் உடன் இல்லாமல், அர்த்தமற்ற ஒலிகளை மாதக்கணக்கில் உருவேற்றிய அந்த மனிதரின் பொறுமையை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அவருடைய நூல் 1885இல் வெளிவந்தது.

அதில் கண்ட கணக்கைப் பார்த்தால் மறதியின் வேகம் விளங்கும். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பப் படித்தபோது முதலில் செலவான உழைப்பில் நூற்றுக்கு 58 பங்கு மிச்சமாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. ஆறு நாள் கழித்து 25. முப்பத்தொரு நாள் கழித்து 21. முதல் ஒரு மணியில் சரிபாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆனால் ஒரு நாளைத் தாண்டி நின்றது, அதன்பின் ஒரு மாதம் வரையில் மிக மெல்லத்தான் தேய்கிறது. 2015இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே முறையில் சோதித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே வடிவமே கிடைத்தது. படித்த மறுநாளே பாதிக்குமேல் மறந்துவிட்டதே என்று வருந்துகிற மாணாக்கனிடம், அது உன் குற்றமன்று, பெர்லினில் பேராசிரியர் பதவியில் அமர்ந்த ஒரு மேதைக்கும் அப்படித்தான் நேர்ந்தது என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

அதே நூலில் இன்னும் இரண்டு விவரங்கள் இருக்கின்றன. இவற்றை மாணாக்கருக்கு எடுத்துச் சொல்வோர் குறைவு. பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து வாசித்ததனால் மறுநாள் கிடைத்த பயனை, அப்படிப்பட்ட வேறொரு வரிசையை மூன்று நாட்களில் பிரித்து மொத்தம் 38 முறை மட்டுமே வாசித்து அவர் பெற்றார். முப்பது வாசிப்பு மிச்சம். அதற்கு அவர் கொடுத்த விலை, இடையில் இரண்டு இரவுகள் காத்திருந்தது ஒன்றே. மற்றொன்று, அவர் இங்கிலீஷ் கவி பைரனின் ‘டான் ஹுவான்’ காவியத்திலிருந்து சில பகுதிகளை மனப்பாடம் செய்தபோது, அதே நீளமுள்ள பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. மனப்பாடம் செய்வது தவறு என்று பலர் இன்று சொல்லக் கேட்கிறோம். நான் அந்தக் கட்சி அல்லன். வாய்பாடும் சூத்திரமும் நாவில் நிற்காத பிள்ளை கணக்கில் முன்னேற முடியாது. ஆனால் பொருள் விளங்காமல் உருப்போடுகிறவன் ஒரு பங்குச் சுமைக்குப் பத்துப் பங்குக் கூலி கொடுக்கிறான் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

எபிங்ஹௌஸ் தம்மை மட்டுமே அளந்தார். பள்ளிப் பிள்ளைகளைப் பெருந்திரளாக அளந்தவர் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர். 1939இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக 91 பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் பயின்ற 3,605 பிள்ளைகளுக்கு, நாம் நன்கறிந்த இரண்டு பொருள்களாகிய வேர்க்கடலையையும் மூங்கிலையும் பற்றிய பாடங்கள் வாசிக்கக் கொடுக்கப்பட்டன. சில கூட்டத்தாருக்கு வாசித்தவுடன் ஒரு சிறு பரீட்சை. சிலருக்கு ஒரு நாள் கழித்து. சிலருக்கு வாரக்கணக்கில் கழித்துத்தான் முதல் பரீட்சை. வாசித்தவுடனேயோ மறுநாளிலோ ஒரு தடவை சோதிக்கப்பட்ட பிள்ளைகள், பல நாள் கழித்தும் மூங்கிலைப் பற்றிய செய்திகளைத் தக்கவைத்திருந்தார்கள்; பரீட்சையே இல்லாமல் நாள் கடந்தவர்களுடைய ஞாபகம் எபிங்ஹௌஸின் கணக்குப்படியே தேய்ந்திருந்தது. பொற்கொல்லன் ஒரு பொன் துண்டைத் தராசில் எத்தனை தடவை வைத்து நிறுத்தாலும் அதன் எடை கூடாது. ஞாபகம் அப்படிப்பட்ட பொருள் அன்று. நிறுக்குந்தோறும் அது கனத்துக்கொண்டு போகிறது. பரீட்சையை வெறும் தராசாகவே கருதிவந்த உலகத்துக்கு இது பெரிய செய்தி. எனினும், ஏனோ, அந்த ஆராய்ச்சி நெடுங்காலம் வகுப்பறைகளை எட்டவே இல்லை.

அந்தச் செய்திக்குப் புத்துயிர் கொடுத்தவர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெப்ரி கார்ப்பிக்கியும். 2006இல் வெளியான அவர்களுடைய பரிசோதனையில், சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாய்களைப் பற்றியும் எழுதப்பட்ட சிறு கட்டுரைகளைக் கல்லூரி மாணவர்கள் படித்தார்கள். ஒரு சாரார் நான்கு தவணையிலும் கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்தாயிற்று. மற்றொரு சாரார் முதல் தவணையில் மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையிலும் கட்டுரையைப் பார்க்காமலே நினைவுக்கு வந்ததையெல்லாம் வெற்றுத் தாளில் எழுதினார்கள். இவர்கள் வாசித்தது மூன்று தடவைக்குச் சற்றே அதிகம். ஐந்து நிமிஷம் கழித்து இரு சாராரையும் சோதித்தபோது, வாசித்தவர்கள் கட்டுரையின் செய்திகளில் நூற்றுக்கு 83 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 71 பங்கும் சொன்னார்கள். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் வாசிப்பே வென்றது என்று தீர்ப்பாகியிருக்கும். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில், பதினான்கு தடவை வாசித்தவர்களிடம் நின்றது 40. புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்களிடம் நின்றது 61.

இந்தப் பரிசோதனையில் என் மனத்தைத் தொட்டது இந்த எண்களைக் காட்டிலும் வேறொரு விஷயம். ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முதல் நாளே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்த சாரார். மூடி எழுதியவர்கள் தங்களைப் பற்றிக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். காரணம் தெளிவானது. ஐந்தாம் தடவை வாசிக்கும்போது கண் எங்கும் தடுக்காமல் வரிகளின்மேல் வழுக்கிக்கொண்டு செல்கிறது. அந்த வழவழப்பை மனம் அறிவு என்று எண்ணிக்கொள்கிறது. மூடிவிட்டு நினைக்க முயலும்போதோ ஒவ்வொரு வாக்கியமும் தட்டித் தடுமாறி வருகிறது. சில வருவதே இல்லை. அது அவமானமாகவும் இருக்கிறது. ஆகவே, பயன் மிகுந்த முறை பயனற்றதாகத் தோன்றுகிறது, பயன் குறைந்த முறை இதமாக இருக்கிறது. நல்ல பிள்ளைகள்கூட வருஷக்கணக்கில் தவறான வழியில் உழைப்பதற்கு இந்த மயக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 2013இல் ஜான் டன்லாஸ்கியும் அவருடன் சேர்ந்தவர்களும் மாணாக்கர் கையாளும் பத்து முறைகளை அதுவரை வந்த ஆராய்ச்சிகளைக் கொண்டு நிறுத்துப் பார்த்தபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மாத்திரமே முதல் தரம் என்ற மதிப்பைப் பெற்றன. வண்ண மையால் கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைத்தரத்தில் நின்றன.

இது ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்று கேட்டால், பதிலுக்கு மூளைக்குள் போகவேண்டும். கடற்குதிரையின் உருவத்தை ஒத்திருப்பதால் அந்தப் பெயரையே கிரேக்க மொழியில் பெற்ற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, மூளையின் இரு பக்கத்திலும் காதுகளுக்கு நேரே உட்புறத்தில் அமைந்திருக்கிறது. 1953இல் ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோயைத் தீர்க்கும் பொருட்டு இந்தப் பகுதியை இரு பக்கத்திலும் வெட்டி எடுத்தார்கள். பேச்சும் புத்தியும் குன்றாமல், இளம்பிராயத்து நினைவுகளும் அழியாமல் இருந்த அவருக்கு, அன்று முதல் 2008இல் இறக்கும்வரை, சற்றுமுன் சந்தித்த மனிதரைக்கூட நினைவில் நிறுத்த இயலவில்லை. அவருடைய துன்பத்திலிருந்து உலகம் கற்றுக்கொண்டது இது: புதிய செய்தி மூளையில் நிலைபெறுவது கணநேரத்தில் முடிகிற காரியமன்று, அதற்கென்று ஓர் உறுப்பும், நாட்களும் வாரங்களும் பிடிக்கிற ஒரு வேலையும் இருக்கின்றன.

அந்த வேலை எத்தகையது என்பதை ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எரிக் கேண்டல், கடல்முயல் என்று சொல்லப்படும், வெளியே ஓடு தெரியாத கடல் நத்தையிடம் கண்டறிந்து, 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். சுமார் 20,000 நரம்பணுக்களே கொண்ட அந்தப் பிராணியின் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் அது தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பலமுறை தொட்டால், இதனால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டு இழுப்பதை நிறுத்திவிடும். ஒரே தொடராக 40 தடவை தொட்டுக் கற்பித்த பாடம் ஒரு நாள்தான் நின்றது. நாளுக்குப் பத்தாக நான்கு நாட்கள் கற்பித்தது வாரக்கணக்கில் நின்றது. தொட்ட எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. எபிங்ஹௌஸின் 68க்கும் 38க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நத்தையிடமும் இருப்பதைக் காணும்போது, இது மனிதர் பழக்கவழக்கத்தைச் சேர்ந்த விஷயமன்று, ஜீவராசிகளின் நரம்பிலேயே எழுதப்பட்ட நியதி என்று தோன்றுகிறது. சற்று நேரம் நிற்கிற ஞாபகத்துக்கு, ஏற்கெனவே உள்ள இணைப்புகள் கொஞ்சம் வலுப்பட்டால் போதும். நெடுநாள் நிற்கிற ஞாபகத்துக்கோ நரம்பணுவின் உட்கருவிலுள்ள ஜீன்கள் விழித்துப் புதிய புரதங்களை உண்டாக்கி, அதிலிருந்து புதிய கிளைநுனிகள் முளைக்கவேண்டும். அதே பிராணியிடம், வலிக்கு அஞ்சிச் சட்டென எதிர்வினை செய்யும்படி நீண்டகாலப் பயிற்சி கொடுத்தபோது, உணர்வு நரம்பணு ஒன்றுக்குச் சராசரி 1,300 ஆக இருந்த நுனிகள் சுமார் 2,700 ஆகப் பெருகின. நாற்று நட்ட வயலுக்கு ஒரே நாளில் ஏரி நீரையெல்லாம் திருப்பிவிட்டுப் பயிர் வளரவில்லையே என்று நோகும் குடியானவன் இல்லை. பரீட்சைக்கு முன்னிரவில் ஒரு வருஷப் பாடத்தையும் திருப்பிவிடுகிற மாணாக்கனுக்கும் அந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க யாரேனும் வேண்டாமா?

ஆனாலும் முன்னிரவுப் படிப்பை முற்றிலும் பழிப்பது நேர்மையாகாது. ஐந்து நிமிஷச் சோதனையில் வாசித்தவர்களே முந்தினார்கள் என்பதை மேலே கண்டோம். ஆகையால் இரவெல்லாம் வாசித்தவன் மறுநாள் காலையில் ஓரளவு எழுதிவிடுவான் என்பது மெய். அந்த முறை உலகத்தில் அழியாமல் இருப்பதும் அதனால்தான். காலாண்டுப் பரீட்சைக்கு அப்படிப் படித்தது அரையாண்டுக்கு இருப்பதில்லை. அரையாண்டுக்குப் படித்தது பங்குனியில் இருப்பதில்லை. ஒரே பாடத்தை ஒரு பிள்ளை ஒரே வருஷத்தில் மூன்று தடவை புதிதாகப் படிக்கிறது.

வேறு எப்படிப் படிக்கலாம் என்றால், அதற்குப் பெரிய சாதனம் ஒன்றும் வேண்டியதில்லை. பாடத்தை ஒரு தடவை, அவசரப்படாமல், ஏன் எப்படி என்று கேட்டுக்கொண்டு வாசித்து விளங்கிக்கொள்ளவேண்டும். இதில் சிக்கனம் கூடாது. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை வாயால் சொல்லியோ தாளில் எழுதியோ பார்க்கவேண்டும். தடுமாறும் இடத்தில் உடனே புத்தகத்தைத் திறந்துவிடாமல் அரை நிமிஷமாவது தேடவேண்டும். அந்தத் தேடலே பயிற்சி. பிறகு திறந்து ஒப்பிட்டு, விட்டதையும் பிழையானதையும் திருத்திக்கொள்ளவேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் பிழையே பதிந்துவிடும். மறுநாள் அதே பாடத்தை வாசிக்காமலே மீண்டும் சொல்லிப் பார்த்து, பிறகு மூன்று நான்கு நாள் விட்டு ஒருமுறை, பிறகு இரண்டு வாரம் விட்டு ஒருமுறை பார்த்தால், ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வரும். சற்று மறக்கத் தொடங்கிய சமயத்தில் திரும்புவதுதான் சிலாக்கியம். துளியும் மறக்காதபோது திரும்பினால் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

எதை எப்போது திருப்புவது என்ற கணக்கு தலைவலியாக இருக்கும் என்பவருக்கு, ஜெர்மன் பத்திரிகையாளரான செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஒரு புத்தகத்தில் விவரித்த அட்டைப் பெட்டி இருக்கிறது. பழைய நோட்டு அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கத்தில் கேள்வியும் மறுபக்கத்தில் விடையும் எழுதி, ஐந்து அறைகள் தடுத்த ஒரு பெட்டியில் முதல் அறையில் போடவேண்டும். முதல் அறையை அன்றாடம் எடுத்துக் கேட்டுக்கொள்ளவேண்டும்; விடை சரியாக வந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறினது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். அறை பின்னே போகப்போக, அதைத் திறக்கிற நாட்களின் இடைவெளியும் நீளும். செருப்புப் பெட்டியே இதற்குப் போதும். ஒரு மதிப்பெண் வினாக்கள், வேதியியல் சமன்பாடுகள், வரலாற்று ஆண்டுகள், தாவரங்களின் இருசொற்பெயர்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கணக்குக்கு மட்டும் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பயிற்சிக் கணக்குகளைப் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே போடுகிறார்கள். ஒரு பயிற்சியில் உள்ள பதினைந்து கணக்குக்கும் ஒரே சூத்திரம் என்பது தலைப்பைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. வினாத்தாளில் அப்படித் தலைப்புக் கிடையாது. எந்தச் சூத்திரம் என்று தெரிந்தெடுப்பதே அங்கே பாதிக் கணக்கு. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் பழக்கமில்லாத நான்கு கன உருவங்களின் கன அளவைக் காணக் கற்றார்கள். ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே முடித்துக்கொண்டு போனவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 89 சரியாகப் போட்டார்கள்; நான்கையும் கலந்து போட்டவர்கள் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. மாதிரி வினாத்தாள்களைப் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது எடுத்துப் பார்க்கிற வழக்கத்தை விட்டு, ஆவணி மாதத்திலிருந்தே முடிந்த பாடங்களைக் கலந்து போடத் தொடங்கினால் எவ்வளவோ நல்லது.

தூக்கத்தைப் பற்றியும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் கார்னெல் சர்வகலாசாலையில் இரண்டு மாணவர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், பத்து அசைகளைக் கற்றபின் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபோது அவர்களுக்குச் சுமார் பாதி நினைவிருந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது ஒன்றுக்கு மேல் தேறவில்லை. 1994இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மக்நாட்டனும், எலி பகலில் நடமாடும்போது ஹிப்போகாம்பஸில் சேர்ந்து இயங்கிய அணுக்கள், பின்பு அது உறங்கும்போதும் சேர்ந்தே இயங்குவதைக் கண்டார்கள். பகலில் நடந்ததை உறக்கத்தில் மூளை திரும்ப நடத்திப் பார்க்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை உறங்கிவிட்டது என்று தட்டி எழுப்புகிற தந்தை, அந்தத் திருப்புதலை நடுவே கலைக்கிறார்.

இவையெல்லாம் மேல்நாட்டார் சொல்லி நாம் அறியவேண்டியவைதானா என்று ஒருவர் கேட்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வி நிரம்பும் வகைக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு, மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்து உரைப்பதால் வருகிறது. கேட்டதை நினைந்து பார்த்தலையும், வினாவுதலையும், பிறர் வினாவியதற்கு விடையளித்தலையும் கற்கும் முறைகளாக அவர் அதே இடத்தில் எண்ணியிருக்கிறார். கற்பவன் வாய் திறந்து சொல்லும் பங்குக்கு அவர் கொடுத்திருக்கிற பாதி இடத்தை நாம் இன்று எவ்வளவாகக் குறைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வகுப்பில் அடிக்கடி சிறு சோதனை வைக்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் வெறுக்கும்படி, ஒவ்வொரு சோதனைக்கும் மதிப்பெண் போட்டு, வரிசை எண் போட்டு, பெற்றோரிடம் கையெழுத்தும் கேட்டு அதைத் தண்டனையாக்கிவிட்டோம். மதிப்பெண்ணே இல்லாமல், பாட முடிவில் ஐந்து கேள்வி கேட்டு, பிள்ளைகளே விடையைத் திருத்திக்கொள்ளச் செய்கிற ஆசிரியர், தாம் அறிந்தோ அறியாமலோ ஸ்பிட்ஸரின் மூங்கில் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்.

என் தமையனார் மகளிடம் அன்று இந்தக் கதையையெல்லாம் நான் சொல்லவில்லை. அழுகிற குழந்தைக்கு ஆராய்ச்சி எதற்கு? வலது வென்ட்ரிக்கிளில் நின்றுபோன இடத்தை மட்டும் திறந்து பார்க்கச் சொன்னேன். தமனி என்றால் சுத்த இரத்தம் என்று எண்ணியிருந்ததால், அசுத்த இரத்தத்தைச் சுமந்து செல்கிற நுரையீரல் தமனி அவளுக்கு நினைவு வராமல் போயிருந்தது. மறுநாள் சொன்னாள், இடது பக்கத்தில் தடுமாறினாள். நான்கு நாள் விட்டுக் கேட்டபோது, இனி உங்களிடம் சொல்லமாட்டேன், நீங்கள் பாதியில் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்துவிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். பாட்டி பள்ளிக்கூடத்தையே பார்த்தறியாதவர். முறத்தை நகர்த்திவைத்துவிட்டு, சிரையிலிருந்து தமனி வரையில் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, “அது சரிடி, நுரையீரலுக்குப் போன ரத்தம் சுத்தமானப்புறம் நேரே உடம்புக்குப் போகலாமே, மறுபடியும் எதுக்கு இருதயத்துக்கு வரது?” என்றார். அந்தக் கேள்வி பாடப் புத்தகத்தில் இல்லை. பெண் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்; நான் பேசாமல் இருந்தேன். அவள் வலக்கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, கண்களை மூடி, பெருஞ்சிரையிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.